பாய்க்குப் பெருமை உண்டு, நெய்பவருக்குத் தரை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையில் பொருநை அருங்காட்சியகத்துக்கென அரசு எழுப்பியிருக்கும் கட்டடங்களைப் பற்றியும், அங்கே வைக்கப்படும் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களைப் பற்றியும் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மண்கலங்களுக்கு இவ்வளவு விசாலமான இடம் கிடைத்திருப்பது இந்த நாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி தருவதே. ஆனால் இதே தாமிரபரணிக் கரையில் இன்று உயிரோடிருந்து நெய்தும் பாடியும் வரைந்தும் வருகிற பெண்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து அவற்றைச் செய்கிறார்கள், அந்த இடம் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறதா என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஓவிய ஆசிரியையாகப் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் பத்தமடை. சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள இந்த ஊரின் கோரைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் நெய்து அனுப்பப்பட்டதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய் தெரியாத வீடு நம் பக்கத்தில் குறைவு. பட்டுத்துணியைப் போல மடித்து வைக்கத்தக்க மெல்லிய பாயை நெய்கிறவர்கள் பெரும்பாலும் அவ்வூரின் முஸ்லிம் பெண்கள் என்பதும், அவர்கள் தங்கள் வீட்டிலேயே அதை நெய்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். அந்த வீட்டுக்குள் தறி எப்படி நிற்கிறது என்பதைப் பாய் வாங்கப் போகிறவர்கள் கேட்பதில்லை.

அந்தத் தறி நிற்பதில்லை, கிடக்கிறது. தரையோடு தரையாகப் பாவு நூலை இழுத்துக் கட்டி, நெய்கிறவர் தறியின் மேலேயே குந்தி உட்கார்ந்து, கோரையைக் குச்சியில் கோத்து நூல்களுக்கிடையே செலுத்தி, அச்சுக்கட்டையால் நெருக்கி நெருக்கி முன்னேற வேண்டும். ஆறடிப் பாய் நெய்வதற்குத் தறிக்கு எட்டடி, ஒன்பதடி நீளம் பிடிக்கும். ஒருபுறம் கோரைக் கட்டுக்கு இடம் வேண்டும். அகலமான பாய் என்றால் இருவர் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருப்பதால் மறுபுறமும் ஒருவர் உட்கார இடம் விட்டாக வேண்டும். இவை போக, பாவைக் கட்டிவிட்டால் பாய் முடியும் வரை அதை அவிழ்க்கக் கூடாது. மெல்லிய பாய் ஒன்றுக்குப் பல வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் வீட்டின் முன்னறை தறியினுடையதாகிவிடுகிறது. குடும்பத்தில் உள்ளவர்கள் அதைத் தாண்டித்தான் போய்வர வேண்டும், அதன் ஓரத்தில்தான் உண்ணவும் உறங்கவும் வேண்டும்.

பழைய நெல்லை வீடுகளில் இது அவ்வளவு பெரிய தொல்லையாக இருந்ததில்லை. தெருவிலிருந்து நுழைந்தால் திண்ணை, தார்சா, அடுத்துப் பட்டாசாலை, அதன்பின் அடுக்களை, புறவாசல் என்று நீண்டு கிடந்த வீட்டில் தார்சாவைத் தறிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் குடும்பம் நடந்தது. தரையில் முளை அடித்துப் பாவு கட்டினார்கள். வாசல் வழியாக வெளிச்சம் வந்தது. ஓட்டுக் கூரைக்குக் கீழே வெக்கை குறைவாக இருந்ததால் ஈரம் காட்டி வைத்த கோரை சட்டென்று உலர்ந்து முறியவில்லை. சாயம் காய்ச்சப் புறவாசலில் அடுப்புப் போட இடம் இருந்தது. சப்பங்கிக் கட்டையைக் கொதிக்க வைத்துச் சிவப்பு எடுத்த காலத்தில் அந்தப் புறவாசலும் தறி கிடந்த தார்சாவைப் போலவே கலைக்கூடமாகத்தான் இருந்தது. பிளந்த கோரையை ஊறப்போடும் ஆற்றுத்துறையையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஓடும் தண்ணீரில் கிடந்து ஊறினால்தான் கோரை பாய்க்குப் பதமாகும். ஆக, ஒரு பாய்க்கு வேண்டிய இடம் ஆற்றங்கரையில் தொடங்கிப் புறவாசல் வழியாக முன்னறை வரை பரவியிருந்தது. அதை யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. வீடும் ஊரும் இருந்த விதத்தில் அது தானாகவே அமைந்திருந்தது.

இப்போது பாகப்பிரிவினையில் அந்த நீள வீடுகள் குறுக்கே தடுக்கப்பட்டுவிட்டன. புதிதாகக் கட்டும் வீடுகளில் டைல்ஸ் பதிக்கிறார்கள். அதில் முளை அடிக்க முடியாது என்பதால் சட்டத் தறி செய்து வைக்க வேண்டியிருக்கிறது. கான்கிரீட் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது, மின்விசிறியைப் போட்டாலோ கோரை காய்ந்துபோகிறது. வீட்டு வசதித் திட்டங்களின் அளவுகளைப் பார்த்தால் நிலைமை இன்னும் விளங்கும். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. சமையலுக்கான இடமும் அதற்குள் அடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. பத்தமடை பேரூராட்சி என்பதால் நகர்ப்புறத் திட்டத்தின் கீழ் வரும் என்றாலும் அங்கேயும் சிறு வீட்டுக்கான கணக்குத்தான். இந்தத் திட்டங்களால் ஓட்டை ஓலைக்கூரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் நல்ல கூரைக்குக் கீழே வந்திருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெண்ணுக்கு வீட்டுக்குள் சமையல் ஒன்றுதான் வேலை என்று வைத்துக்கொண்டு போட்ட வரைபடம் அது. அதில் ஒன்பதடித் தறியைக் கிடத்தினால் வீட்டில் மிச்சம் என்ன இருக்கும்?

இந்த இடத்தில் பீடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாய் நெய்த பெண்கள் பலர் பீடி சுற்றப் போய்விட்டார்கள் என்று வருந்தாதவர் இல்லை. கூலி வாரந்தோறும் கைக்கு வருகிறது என்பதே அதற்கு முதல் காரணம்; மறுப்பதற்கில்லை. எனினும் பீடிச் சுளகு மடியில் அடங்கிவிடும் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திண்ணையிலும் முடுக்கிலும் பேருந்து நிழற்குடையிலும்கூட அதை வைத்துக்கொண்டு உட்காரலாம். பிள்ளை அழுதால் சுளகை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம். இரண்டு வேலையில் எதற்கு இடம் கேட்க வேண்டியதில்லையோ அந்த வேலை நிலைத்துவிட்டது. நெஞ்சுக்குள் போகும் புகையிலைத் தூசியின் கணக்கு வேறு. அதை மருத்துவர்கள் எழுதட்டும்.

படைப்பின் அளவையே இடம் தீர்மானித்துவிடுவதையும் பார்க்கிறோம். பத்தமடையில் இப்போது கைப்பை, கோப்பு உறை, சாப்பாட்டு மேசை விரிப்பு ஆகியவை நிறைய வருகின்றன. கடைகளும் கண்காட்சிகளும் அவற்றைக் கேட்கின்றன என்பது உண்மையே. சின்னத் தறி என்றால் மூலையில் போட்டுக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம் என்று நெய்கிறவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மேசை விரிப்பு நெய்தே வளரும் ஒரு பெண்ணுக்கு நுட்பமான கல்யாணப் பாயின் கைத்திறன் எங்கிருந்து வரும்? பாயின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை வடிவத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு வாரக்கணக்கில் நெய்யும் பழக்கம், அந்த நீளத்துக்குத் தறி போட்டால்தான் உண்டாகும்.

இதில் அரசுத் துறைகளுக்கிடையே உள்ள ஒரு வேலியையும் குறிப்பிட வேண்டும். சேரன்மகாதேவியைத் தாண்டிப் போனால் வீரவநல்லூர். அங்கே கைத்தறிச் சேலை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தறி நெசவாளர் தம் வீட்டோடு சேர்த்துத் தொழிற்கூடம் கட்டிக்கொள்ள மத்திய அரசின் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. பாயும் தறியில் நெய்வதுதான் என்றாலும் அது கைவினைப் பொருள் என்று வேறொரு துறையின் கணக்கில் இருக்கிறது. கைவினைஞர் என்ற அடையாள அட்டை பாய் நெய்யும் பெண்ணுக்குக் கிடைக்கிறது, கண்காட்சிக்குப் போக அது உதவுகிறது. அந்த அட்டையைக் காட்டி வீட்டுத் திட்டத்தில் கூடுதலாக நூறு சதுர அடி கேட்க வழி செய்தால் போதும். புதிய திட்டமோ புதிய துறையோ தேவைப்படாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இந்த இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தாலே ஆகக்கூடிய காரியம் இது என்பது என் தாழ்மையான கருத்து.

இடம் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1844-இல் அவரை மணந்து அங்கே வந்த எலிசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் முன்பே அதைத் தொடங்கியிருந்தார். தேரிமணலும் பனையுமாகக் கிடந்த ஊரில் வெயிலில் வேலை செய்து பழகிய குடும்பத்துப் பெண்கள், திண்டு ஒன்றின் மேல் ஊசி குத்தி நூல்கண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, சீமைக்கு அனுப்பத்தக்க வேலைப்பாட்டைச் செய்தார்கள். நிழலும் வெளிச்சமும், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இது உன் இடம் என்ற உறுதியும் அவர்களுக்குக் கிடைத்தன. இதை வைத்து மிஷன்காரர்களைக் கொண்டாட வேண்டும் என்பதல்ல என் நோக்கம். அந்த லேஸைப் பின்னியவர்களின் பெயரை யார் குறித்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை அவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 1986 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த மணப்பாட்டில் பனையோலை முடையும் பெண்கள் தங்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்துவதும் இந்த வகையில் சேரும்.

வீட்டுக்குள் செய்யும் கலையைப் பற்றி இவ்வளவு. வீட்டுக்கு வெளியே நிகழ்த்தும் கலைக்கு வந்தால், வில்லுப்பாட்டைச் சொல்லாமல் திருநெல்வேலிச் சீமையைப் பற்றிப் பேச முடியாது. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில் கொடை விழாக்களில் குடியழைப்பு அன்று இரவு தொடங்கி, மதியக் கொடை, சாமக் கொடை என்று வில்லுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். வில்லுக்கு நடுவே, நாணைத் தட்டும் வீசுகோலோடு உட்கார்ந்து தலைமைப் பாட்டுப் பாடும் பெண்கள் தென் மாவட்டங்களில் பலர் உண்டு. கன்னியாகுமரிப் பகுதியில் வாழ்ந்து 2018-இல் மறைந்த பூங்கனி அம்மையார் சிறுவயதிலேயே இந்தக் கலைக்கு வந்து, பெரும் புகழோடு பாடி, முதுமையில் வறுமைப்பட்டுப் போனவர். சாமி வந்து ஆடும் ஆண்கள் அத்தனை பேரையும் தன் குரலால் எழுப்பி ஆட்டிவைத்து அடக்குகிறவர் அந்தப் பெண்தான். கோயிலுக்கு எதிரே பந்தலில் அவருக்குத் தனி மேடை, அதன்மேல் சமுக்காளம், ஒலிபெருக்கி, வெளிச்சம் எல்லாம் உண்டு.

பாட்டு நிற்கும் நேரத்தில் அவர் எங்கே போவார்? ஊரில் நல்ல மனம் உள்ள ஒரு வீட்டார் திண்ணையைக் கொடுத்தால் அங்கே படுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூட வராந்தா. சேலை மாற்றுவதற்கு இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது வந்த வேனுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். இரவு முழுவதும் பாடப் போகிறவர் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார், ஏனென்றால் ஒதுங்குவதற்கு இடம் இல்லை. தொண்டையைக் கொண்டு பிழைக்கிறவர் தண்ணீருக்குப் பயப்படுவதை விடக் கொடுமை என்ன இருக்கிறது? கரகாட்டப் பெண்களின் நிலை இதைவிட மோசம். ஆட்டத்துக்குரிய உடையை உடுத்திக்கொண்டு ஆட்டம் தொடங்கும்வரை கூட்டத்தின் கண்முன்னேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் காதில் விழும் பேச்சுகளை எழுதினால் தாங்கள் அச்சிட மாட்டீர்கள். கணியான் கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடுகிறவரும் ஆணே ஆதலால் அவர் மரத்தடியில் கண்ணாடியை மாட்டி எல்லாரும் பார்க்க அரிதாரம் பூசிக்கொள்ளலாம். பெண்ணாகவே பிறந்தவருக்கு அந்த மரத்தடி உதவாது.

ஆடவல்லானின் ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலிலும் சித்திர சபை குற்றாலத்திலும் இருப்பதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆடுவதற்கு இறைவனுக்கு இரண்டு மண்டபம் கட்டிக்கொடுத்த நாட்டில், ஆடவும் பாடவும் கூலிக்கு வருகிற பெண்ணுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை கொடுக்க முடியாதா என்று கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்று நம்புகிறேன். கொடைச் செலவுப் பட்டியலை எல்லாரும் பார்த்திருப்போம்: பந்தல், சீரியல் செட், வாணவேடிக்கை, மேளம், வில்லு, கறிச்சாப்பாடு. அதில் கலைஞர் தங்கும் இடம் என்று ஒரு வரி எழுதிய ஊரை நான் இதுவரை கண்டதில்லை. அறநிலையத் துறைக் கோயில்களுக்கு ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஊர்க்கோயில்களுக்கும் குடும்பக் கோயில்களுக்கும் அது செல்லாது; அங்கே வரி பிரிக்கிறவர்கள்தாம் மனம் வைக்க வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்தால் சில உதவிகள் கிடைக்கின்றன, நல்லதுதான். நிகழ்ச்சிக்கு அழைக்கும்போதே பெண் கலைஞர்களுக்குத் தனியறையும் கழிப்பறையும் உண்டு என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தப் படிவம் ஒன்றை வாரியமே அச்சிட்டு உறுப்பினர்களிடம் கொடுத்துவைத்தால், கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கூட அதை நீட்டிவிட்டு நிற்கலாம்.

மூன்றாவதாக, என்னுடைய துறை. பள்ளிக்கூடத்தில் என்னிடம் வரைந்த பெண்பிள்ளைகளில் கை நன்றாக ஓடியவர்கள் பலர். அரசு கவின்கலைக் கல்லூரி என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்புவதற்கு முன்வந்த பெற்றோர் குறைவு. அனுப்பியவர்களின் பிள்ளைகள் படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய பின் நடப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். கல்லூரியில் ஆளுயரக் கித்தானில் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த பெண், கல்யாணத்துக்குப் பிறகு சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் நோட்டுப் புத்தக அளவுத் தாளில் நீர்வண்ணம் தீட்டுகிறார். டர்பன்டைன் வாடை மாமியாருக்கு ஆகாது, குழந்தைக்கும் ஆகாது. எண்ணெய்ச் சாயம் காய நாள் கணக்கில் ஆகும். அதுவரை படத்தைச் சாய்த்து வைக்கச் சுவர் இல்லை. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தகரக் கொட்டகை போட்டுக்கொண்டவர் ஒருவரை அறிவேன். அதில் காலை எட்டு மணிக்கு மேல் நிற்க முடியாது, அந்த எட்டு மணிக்குள் வீட்டில் சமையலும் முடிந்தாக வேண்டும். பிறகு ஏதாவது கண்காட்சிக்கு அவர் படத்தை அனுப்பினால், பெண்கள் சின்னச் சின்னதாக, அழகழகாக வரைகிறார்கள், பெரிதாக எதையும் முயல்வதில்லை என்று சொல்கிற நடுவர்கள் இருக்கிறார்கள். மேசையின் அளவுக்குத்தான் படம் இருக்கும் என்று அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

சென்னைக்கு அருகே 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கித் தங்களுக்கென்று வீடும் கலைக்கூடமும் கட்டிக்கொண்டார்கள். அதுபோல் இங்கே யாரும் செய்யவில்லையே என்று கேட்கலாம். நிலம் வாங்குவதும் ஊரை விட்டுப் போய்க் குடியேறுவதும் ஓர் ஆண் ஓவியருக்கு ஆகிற காரியம். நம் ஊரில் மருமகளாக இருக்கிற ஒருவருக்கு வேண்டியது அவ்வளவு பெரியதல்ல. பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி சந்திப்பிலோ பேருந்து இறங்கி நடந்து போகிற தூரத்தில், வடக்குப் பார்த்த சன்னல் உள்ள பெரிய அறை ஒன்று, படங்களைப் பூட்டி வைக்க அலமாரி, கைகழுவத் தண்ணீர், பிள்ளையை அழைத்து வந்தால் அது விளையாட ஒரு மூலை, இவ்வளவு இருந்தால் பத்து இருபது பேர் முறைவைத்து வரைந்துகொள்வார்கள். பிள்ளைகள் சேர்க்கை இல்லாமல் மூடிய பள்ளிக் கட்டடங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அரசு அருங்காட்சியகமும் இசைப்பள்ளியும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றில் மாலையில் ஆளில்லாமல் கிடக்கும் அறைகள் இருக்கலாம். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இந்தப் பக்கத்துக் கலைகளை இத்தனை ஆண்டுகளாகப் பதிந்தும் ஆராய்ந்தும் வருகிறது. கலைஞர்கள் வேலை செய்யும் இடங்களையும் அதுபோல ஊர் ஊராகப் பதிவு செய்ய அவர்களை விடத் தகுதியானவர்கள் இல்லை.

இவற்றுக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அது பொய்யும் அல்ல. ஊர்களில் பெண்களுக்கென்று கட்டிய பொதுக்கூடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன, கட்டிக்கொடுத்தாலும் வருவதில்லை என்பார்கள். ஏன் வருவதில்லை என்று பார்க்க வேண்டும். கூடம் ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தில் இருக்கும். திறக்கும் நேரம் அலுவலக நேரம். அந்த நேரத்தில் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்க்க ஆள் இல்லை. சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் வெளியூர் போயிருப்பார். பாய் நெய்கிற பெண் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து இரண்டு விரற்கடை நெய்துவிட்டுப் போகிறவர். அவர் வீட்டை விட்டுக் கூடத்துக்கு வர விரும்ப மாட்டார், வரவும் வேண்டியதில்லை. வளவுக்குள் நாலு வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே நெய்வதும், அதைப் பார்த்துப் பார்த்துச் சிறுமிகள் கை பழகுவதும் வீட்டுத் தறியால்தான் நடக்கின்றன. ஆகவே அவருக்கு வீட்டோடு சேர்ந்த தரை வேண்டும். ஓவியருக்கு நேர்மாறு: வீட்டுக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு கால் மணிக்கும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அவருக்கு வெளியேதான் அறை வேண்டும். வில்லிசைக்காரருக்குத் தங்கும் இரண்டு இரவுக்கு மட்டும் ஓர் அறை. எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு கட்டடத்தைக் கட்டித் திறப்புவிழா நடத்திவிட்டுப் போவதால்தான் அவை பூட்டிக் கிடக்கின்றன.

பொருநை அருங்காட்சியகத்தைப் பற்றித் தொடங்கினேன். அதில் ஒரு வேண்டுகோள். இத்தகைய இடங்களில் பார்வையாளருக்குக் காட்டுவதற்காகக் கைவினைஞர்களை அழைத்து உட்கார வைப்பது வழக்கம். ரெட்டியார்பட்டி மலைக்கும் பத்தமடைப் பெண்கள் ஒருநாள் அழைக்கப்படுவார்கள். அப்போது அவர்களைக் காட்சிப் பொருளாக ஓரத்தில் உட்கார வைத்து மாலையில் அனுப்பிவிடாமல், முழு நீளத் தறி ஒன்றை நிரந்தரமாக அங்கே போட்டு, நெய்யும் நாளுக்குக் கூலியும், நெய்த பாயை விற்கும் உரிமையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். பாயின் அருகே நெய்தவரின் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும். வீட்டில் நீளத் தறி போட முடியாத இளம்பெண்கள் முறைவைத்து வந்து மெல்லிய பாயைக் கற்றுக்கொள்ளவும் அந்தத் தறி உதவும். அவர்களை ஏற்றி வந்து இருட்டுவதற்குள் ஊரில் கொண்டுபோய் விடுகிற வண்டிக்கும் சேர்த்துத்தான் நிதி ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாதத்தோடு நின்றுவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆடி பிறந்தால் கொடைச் செய்திகளும் படங்களும் பக்கம் பக்கமாக வரும். தங்கள் நிருபர்கள் வில்லிசைக் குழுவைப் படம் எடுக்கும்போது, இன்று எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொல்லும் விடையையும் படத்துக்குக் கீழே அச்சிட வேண்டும். அறை கொடுத்த ஊரின் பெயர் வரட்டும். கொடுக்காத ஊரின் பெயர் இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.